விபத்தும் இழப்பீடும்: உரிமையைக் கேட்பது தவக்குலுக்கு முரணா?



வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், தேனி மாவட்டத்தின் எல்லையில் அமைந்திருக்கிறது கெங்குவார்பட்டி. இங்கிருந்து சிறிது தொலைவில் காட்ரோடு பிரிந்து கொடைக்கானல் மலைக்கு ஏறுகிறது. சுற்றுலா வண்டிகள், மாங்காய் ஏற்றிய லாரிகள், தேங்காய் வண்டிகள், கூலி ஆட்களை நிறைத்துச் செல்லும் வேன்கள் எல்லாம் கூடும் சாலை இது. 2024 டிசம்பர் 28 அன்று பெரியகுளம் அருகே காரும் சுற்றுலா வாகனமும் மோதி, கேரளத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்ததை நாம் அறிவோம். பத்திரிகையில் வராமல் போகும் விபத்துகள் இன்னும் பல. கால் முறிந்து வீட்டில் கிடப்பவர், கணவனை இழந்து பிள்ளைகளுடன் தவிப்பவள் என்று ஒவ்வொரு மஹல்லாவிலும் யாராவது ஒருவர் இருக்கிறார்.

இத்தகைய குடும்பங்களில் நாம் மூன்று விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். "நஸீபு, நடந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது?" என்பார் ஒருவர். "அது இன்சூரன்ஸ் பணம், நமக்கு ஆகுமா?" என்று தயங்குவார் மற்றொருவர். "வண்டிக்காரன் பத்தாயிரம் தருகிறானாம், வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்" என்று அவசரப்படுத்துவார் இன்னொருவர். இந்த மூன்று பேச்சுக்கும் மார்க்கம் என்ன சொல்கிறது, நாட்டுச் சட்டம் என்ன வழி வைத்திருக்கிறது என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

மார்க்கம் வைத்த மதிப்பு

கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் கத்ரின் மீது பாரத்தைப் போட்டுவிட்டுப் பிறர் தரவேண்டிய ஹக்கை விட்டுவிடும்படி மார்க்கம் சொல்லவில்லை. தவறுதலாக ஓர் உயிர் போனால்கூட அதற்கு ஈடாகத் தியத் கொடுக்க வேண்டும் என்பதும், வாரிசுகள் தாமாக மனமுவந்து விட்டுக்கொடுத்தால் மட்டுமே அது நீங்கும் என்பதும், கொன்றவர் மீது கஃப்ஃபாராவும் உண்டு என்பதும் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனத்தில் வந்துள்ள சட்டம். வேண்டுமென்று செய்யாத குற்றத்திற்கே இந்த ஏற்பாடு என்றால், மனித உயிருக்கு இஸ்லாம் கொடுத்த மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

உயிருக்கு மட்டுமல்ல, உறுப்புக்கும் இழப்பீடு உண்டு. முழுத் தியத் 100 ஒட்டகங்கள் என்றால், ஒரு கண்ணுக்கு அதில் பாதி, ஒரு விரலுக்குப் பத்து ஒட்டகம், ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகம் என்று ஹதீஸ்களிலும் ஃபிக்ஹு நூல்களிலும் கணக்கு வந்திருக்கிறது. இதற்கு "அர்ஷ்" என்று பெயர். அளவு சொல்லப்படாத காயங்களுக்கு நேர்மையான ஒருவர் மதிப்பிட்டுத் தீர்ப்பளிப்பதை "ஹுகூமத்துல் அத்ல்" என்பர். இன்று டாக்டர்கள் ஊனத்தின் சதவீதத்தைக் குறிப்பதும், நீதிபதி அதைக் கொண்டு தொகையை நிர்ணயிப்பதும் இந்த மதிப்பீட்டு முறைக்குப் புதிதல்ல.

இன்சூரன்ஸ் பணம் ஆகுமா என்ற தயக்கத்தைப் பார்ப்போம். காயம்பட்டவர் எந்த இன்சூரன்ஸ் ஒப்பந்தமும் செய்யவில்லை. அவருடைய ஹக்கு, காயப்படுத்தியவர் மீது இருக்கிறது. அந்தக் கடனை யார் மூலம் அடைப்பது என்பது வண்டிக்காரரின் பொறுப்பு. மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்துவது சட்டம். தவறுதலாகக் கொன்றவரின் தியத்தை அவர் ஒருவர் தலையில் சுமத்தாமல், "ஆகிலா" எனும் அவருடைய கூட்டத்தார் மூன்று ஆண்டுகளில் செலுத்தும் முறை நம் ஃபிக்ஹில் உண்டு. உமர் (ரலி) அவர்கள் காலத்தில், ஒரே படைப்பதிவேட்டில் இருந்தவர்களே ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கப்பட்டதை ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. இழப்பீட்டை வேறொருவர் சுமப்பது மார்க்கத்திற்கு அந்நியமல்ல என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

விபத்து நடந்த அன்று

முதற்கடமை உயிரைக் காப்பது. 108க்குச் சொல்லிவிட்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தமிழக அரசின் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தின் கீழ், 2021 டிசம்பர் முதல், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. மத்திய அரசும் 2025 மே மாதம், ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சைக்குத் திட்டம் அறிவித்தது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்ச வேண்டாம். உதவி செய்தவரைத் தொல்லைப்படுத்தாமல் காக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டுள்ளது.

ஆஸ்பத்திரியில் "ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்" எழுதும்போது, எந்த வண்டி, எந்த இடம், எந்த நேரம் என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். "தவறி விழுந்துவிட்டேன்" என்று அன்று சொல்லிவிட்டு, பிறகு வண்டி மோதியது என்றால் தீர்ப்பாயம் நம்பாது. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். காட்ரோட்டில் சிறிது தூரம் ஏறினாலே திண்டுக்கல் மாவட்ட எல்லை வந்துவிடுகிறது. "எங்கள் எல்லையில்லை" என்று யாராவது திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறுவதை எடுத்துச் சொல்லலாம்.

உயிர் போய்விட்டால், மய்யித்தைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்ற ஆவலில் சிலர் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். விபத்துச் சாவில் இது சட்டத்தின் கட்டாயம். அந்தச் சான்று இல்லாவிட்டால் மரணத்திற்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்க முடியாமல், எத்தீம்களின் ஹக்கு கைநழுவும். அவசியம் நேர்ந்த இடத்தில் இதை உலமாக்கள் தடுக்கவில்லை. குடும்பத்தார் நிலைகுலைந்திருக்கும் அந்நேரத்தில் முத்தவல்லியோ ஜமாஅத்தில் விவரமறிந்த ஒருவரோ உடனிருந்து இதை முடித்துக் கொடுப்பது பெரிய நன்மையாகும்.

வழிகள் எவை?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், 2019இல் செய்யப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வழிகள் முக்கியமாக மூன்று.

ஒன்று: 164ஆம் பிரிவு. யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்திற்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய்.

இரண்டு: 166ஆம் பிரிவு. வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து, உண்மையான நஷ்டம் முழுவதையும் கேட்பது. இதற்கு உச்சவரம்பு இல்லை.

மூன்று: 161ஆம் பிரிவு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிவிட்டால், மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய். இதற்குக் கோர்ட்டுக்குப் போவதில்லை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் விசாரித்துக் கலெக்டருக்கு அனுப்புவார். வண்டி தெரியாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று எண்ணி எத்தனையோ பேர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. 164ஆம் பிரிவுப்படி தொகையை ஏற்றுக்கொண்டால், 166இன் கீழ்ப் போட்ட மனு அத்துடன் காலாவதியாகிவிடும். சீக்கிரம் கிடைக்கிறதே என்று கையெழுத்திடுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தால் காண்போம். 34 வயதுள்ள சுமைத் தொழிலாளி ஒருவர். மாத வருமானம் 12,000 ரூபாய். காலில் ஏற்பட்ட ஊனத்தால் அவருடைய உழைக்கும் திறனில் 30 சதவீதம் குறைந்துவிட்டது. ஆண்டு வருமானம் 1,44,000. நாற்பது வயதுக்குட்பட்ட சுயதொழிலாளர், நிரந்தரமற்ற கூலிக்காரர் ஆகியோருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியது. சேர்த்தால் 2,01,600. அதில் 30 சதவீதம் 60,480. இதை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 2009இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை அது 16. ஆகமொத்தம் 9,67,680 ரூபாய். இதற்கு மேல் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, உடனிருந்து கவனித்தவரின் செலவு, வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகை ஆகியவை தனி. இரண்டரை லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்; பத்தாயிரத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறந்தவர் விஷயத்திலும் கணக்கு இவ்வாறே. ஊன சதவீதத்திற்குப் பதிலாக, அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய பங்கைக் கழிப்பார்கள். அவரை நம்பியிருந்தோர் இருவர் மூவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு, நால்வர் முதல் அறுவர் என்றால் நான்கில் ஒரு பங்கு கழியும்.

எங்கே, எப்போது?

166ஆம் பிரிவு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் ஆகிய மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். கொடைக்கானலில் அடிபட்ட கெங்குவார்பட்டிக்காரர் தேனி மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம்.

கெடு ஆறு மாதம். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கில், காலங்கடந்தது என்று மனுக்களைத் தள்ளிவிட வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிச் சோம்பி இருப்பது அறிவுடைமையன்று. ஆறு மாதமே கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நம் பெண்களுக்கு ஒரு முக்கிய விஷயம். கணவனை இழந்தவளின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். கர்ப்பிணியானால் பிரசவம் வரை. "இத்தா முடியட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிட்டால், மிஞ்சுவது இரண்டு மாதத்திற்கும் குறைவு. அதற்குள் வக்கீலைப் பார்த்து, தஸ்தாவேஜுகளைத் திரட்டி முடிப்பது எளிதல்ல. வக்காலத்தில் வீட்டிலிருந்தே கையெழுத்திடலாம். இறந்தவரின் தகப்பனாரோ, அதிகாரம் பெற்ற வேறொருவரோ மனுவை நடத்தலாம். தவிர்க்க முடியாத தேவைக்கு விதவை பகலில் வெளியே சென்று இரவு வீடு திரும்ப ஹனஃபி மத்ஹபில் அனுமதி உண்டு. இத்தாவைக் காரணம் காட்டி அவளுடைய உரிமையை முடக்குவது மார்க்கப் பற்று ஆகாது.

போலீசாருக்கும் இதில் கடமை உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திற்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள்ளும் தீர்ப்பாயத்திற்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 விதி. இன்சூரன்ஸ் கம்பெனி தன் சமரசத் தொகையை 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தத் தொகை போதாதென்றால் ஏற்காமல் வழக்கைத் தொடரலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 90 நாட்களுக்குள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் அப்பீல் செய்யலாம்.

சேர்த்து வைக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகல், டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள் அனைத்தும், போக்குவரத்துச் செலவுச் சீட்டு, வயதுக்கும் வருமானத்திற்கும் ஆதாரம், மருத்துவக் குழுவின் ஊனச் சான்று, மோதிய வண்டியின் எண்ணும் பாலிசி விவரமும். மரணமாயின் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வாரிசுச் சான்றும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீலை அமர்த்தித் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். லோக் அதாலத்தில் சமரசம் செய்துகொள்வதும் நல்ல வழிதான். ஆனால் அங்கே முடிந்தால் அப்பீல் இல்லை. கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று வக்கீல் பேசுவது பார் கவுன்சில் விதிக்கு விரோதம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்து நிற்கும் புரோக்கரிடம் வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள்.

கூலி வேன்களில் செல்வோருக்கு

நம் பகுதியில் தோட்ட வேலைக்கும், கல்யாணத்திற்கும் சரக்கு வண்டியில் ஏறிச் செல்வது வழக்கமாகிவிட்டது. சரக்கு வண்டியில் வெறும் பயணியாக ஏறியவருக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது என்பது சுப்ரீம் கோர்ட் வகுத்த நிலை. வண்டிச் சொந்தக்காரரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் இருந்தால் அல்லவா கொடுப்பார்! இருபது பேர் கல்யாணத்திற்குச் செல்ல மிச்சப்படுத்தும் சில நூறு ரூபாய், இருபது குடும்பங்களின் பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

வேலையின் போது காயம்பட்ட தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டிய இழப்பீடு வேறு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துள்ளது. இதில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரே விபத்துக்கு இந்த வழி, மோட்டார் வாகனச் சட்டவழி இரண்டிலும் வாங்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மன்னிப்பும் சமாதானமும்

மன்னிப்பவருக்கு அல்லாஹ்விடம் பெரிய கூலி இருக்கிறது. ஆனால் மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது. ஊர்ப் பெரியவருக்கோ, மச்சானுக்கோ அது இல்லை. பருவமடையாத பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்க அவர்களின் வலீக்கும் அதிகாரமில்லை. ஏழை டிரைவர் மீது மனஸ்தாபம் வேண்டாம் என்று நினைப்பவர் அவரை மனதார மன்னித்துவிட்டு, காப்பீட்டிலிருந்து வரவேண்டியதைச் சட்டப்படி பெறலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணல்ல. உயிர்ப்பலி நேர்ந்த குற்ற வழக்கை ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட முடியாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும்.

பணம் யாருக்கு?

வழக்கு வென்றபின்தான் பல வீடுகளில் சோதனை தொடங்குகிறது. இறந்தவரின் தியத் மனைவிக்குச் சேராது என்றே உமர் (ரலி) அவர்கள் முதலில் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் தியத்திலிருந்து அவர் மனைவிக்குப் பங்கு கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியனுப்பியதை ளஹ்ஹாக் (ரலி) எடுத்துச் சொன்னதும், உமர் (ரலி) தம் கருத்தை விட்டுவிட்டார்கள். ஒரு பேரரசின் கலீஃபா ஒரு விதவையின் பங்குக்காகத் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்றால், "மருமகள் நாளைக்கு மறுகல்யாணம் செய்துகொள்வாள், அவளுக்கு எதற்கு?" என்று பேசும் நாம் எம்மாத்திரம்!

மனுவில் மனைவி, மக்கள், தாய், தந்தை அனைவரையும் சேர்த்து ஒரே மனுவாகப் போடுங்கள். தீர்ப்பாயம் அவரவருக்குப் பங்கு வகுக்கும். அது சார்ந்திருந்தோரின் தேவையைப் பார்த்து வகுப்பது. ஃபராயிள் கணக்கோடு அப்படியே பொருந்தாமலும் இருக்கலாம். அதைப் பற்றி ஆலிமிடம் கேட்டு, பருவமடைந்தோர் தம்மிடையே திருப்தியோடு தீர்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் பங்கில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்ற எச்சரிக்கை அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

தீர்ப்பாயம் மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் சேர்த்துத் தீர்ப்பளிக்கும். இதைத் தாமதத்திற்கான ஈடு என்று கருதுவோரும், வட்டி என்றே கொண்டு நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்போரும் உள்ளனர். உங்கள் ஹஜ்ரத்திடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். இந்த ஒரு பகுதிக்காக மூலத்தொகையையே கேட்காமல் விடுவது சரியல்ல.

பொய் வேண்டாம்

மாடியிலிருந்து விழுந்ததை வண்டி மோதியதாகக் காட்டுவது, இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்குப் பதில் வேறு வண்டியின் எண்ணை எழுதுவது, லைசென்ஸ் உள்ளவரை டிரைவராக நிறுத்துவது, ஊன சதவீதத்தைக் கூட்டி வாங்குவது ஆகிய அனைத்தும் ஹராம். பொய்ச் சாட்சியத்தை நபி (ஸல்) அவர்கள் பெரும்பாவங்களில் சேர்த்து எச்சரித்துள்ளார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் உள்ளதும் போய்ச் சிறைவாசமும் வரும்.

வண்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

இத்தனையும் வாங்குபவர் பக்கம். கொடுக்க வேண்டியவராக நாமே ஆகிவிடலாம். மூன்றாம் நபர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தினால், நம் வீட்டையும் நிலத்தையும் விற்றுத்தான் அடைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத மகனிடம் பைக் சாவியைக் கொடுத்து விபத்து நேர்ந்தால், அத்தாவுக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நம் கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், கோர்ட்டில் பணம் கட்டியதோடு முடிவதில்லை. தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பிருக்கும் கஃப்ஃபாராவும் தவ்பாவும் மீதமிருக்கின்றன. அதை எந்தக் கம்பெனியும் நமக்காக நிறைவேற்றாது.

ஆகவே, ஒவ்வொரு ஜமாஅத்திலும் படித்த இளைஞர்கள் இருவர் இந்த விவரங்களை அறிந்து வைத்துக்கொண்டு, விபத்துக்குள்ளான குடும்பத்திற்கு முதல் வாரத்திலேயே சென்று உதவுவார்களாக. மதம் பாராமல் ஊரிலுள்ள எந்த ஏழைக்கும் இந்த உதவியைச் செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உரிமையை நேர்மையாகக் கேட்பதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதுதான்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் மக்களையும் திடீர் விபத்துகளிலிருந்து காப்பானாக! பாதிக்கப்பட்டோருக்கு நிறைவான ஈட்டையும் அழகிய பொறுமையையும் தருவானாக! ஆமீன்.